காலிக் கட்டம் என்றால் ‘இல்லை’

நாணயத்தின் விலை ஒரு குடை. மடக்குக் குடை, கருநீலம், பிடியில் ஒரு கம்பெனியின் முத்திரை. தெருக்கோடிக் கடையில் வாயுள்ளவன் கேட்டால் சொன்ன விலையில் பாதிக்குக் கொடுத்துவிடுவார்கள். விலைமதிப்பற்றது என்று நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் சரக்கெல்லாம், விலை கேட்கிற ஆள் வாசலுக்கு வரும் வரைக்கும்தான் அப்படி. அந்த ஞாயிற்றுக்கிழமை இதைவிடக் கூடுதல் விலைக்குப் போன நாணயங்களும் வெளியே வந்தன. ஆனால் முதலில் வந்தது குடைதான்.

குடையை வாங்கியவளுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ஆமை. பேச்சும் மெது, தட்டச்சும் மெது. அவள் போன் செய்தது காலை பத்து மணிக்கு, சாவி என்று அந்தக் கூட்டத்தில் அழைக்கப்பட்ட பெண்ணுக்கு.

கூட்டம் என்றால் மொத்தமே ஐந்து பேர். மருந்துக் கடைகளுக்கென்று ‘மாத்திரைப்பெட்டி’ என்ற மென்பொருளை எழுதிப் பராமரிக்கிறவர்கள். டாக்டர் சீட்டில் உள்ள மருந்தின் பெயரைத் தட்டினால் இருப்பில் இருக்கிறதா, சேரக்கூடாத வேறு மருந்து அதே சீட்டில் இருக்கிறதா என்று அது சொல்லும். இருப்பில் இல்லாவிட்டால் அதே மருந்தை வேறு யார் யார் தயாரிக்கிறார்கள் என்று பட்டியல் போடும். விலை குறைந்தது முதலில். நாலாயிரம் கடைகள் அதை நம்பி ஓடின. கடைகளுக்கு அது இலவசம், எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இருபக்கமும் கொடுக்கல் வாங்கல் இல்லாததால் சண்டையும் இல்லாமல் ஆறு வருடம் ஓடியிருந்தது.

சாவி வாரநாட்களில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாத்திரைப்பெட்டிக்கு. யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் எழுதிக் கொடுக்கலாம்; ஆனால் அவள் திறந்துவிட்டால்தான் உள்ளே போகும். அதனால் சாவி.

அவள் அதைவிடப் பெருமையாக நினைத்தது ‘சார்புப் பக்கம்’ என்று ஒன்றை. உனக்கு யார் காசு கொடுக்கிறார்கள், உன் வீட்டார் எங்கே வேலை செய்கிறார்கள், எந்தக் கம்பெனியிடம் என்ன வாங்கினாய் என்பதை அவரவரே எழுதிவைக்கிற பக்கம். கட்டாயம் இல்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டு வாங்கினால் அது வாக்குமூலம், தானாகச் சொன்னால்தான் நாணயம் என்பது சாவியின் சித்தாந்தம். விதி ஒன்றே ஒன்று: ஒரு விஷயத்தில் சார்பு உள்ளவர் அந்த விஷயத்தில் வாக்களிக்காமல் விலக வேண்டும். ஐந்து பெயருக்கு நேராகவும் ‘சார்பு ஏதும் இல்லை’ என்று பளபளவென்று இருக்கும். இதைப் பற்றி மூன்று மாநாடுகளில் அவள் பேசியிருந்தாள். வேறு இரண்டு குழுக்கள் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டன.

“சாவியக்கா, ஒரு நிமிஷம் இருக்கா?” என்றாள் ஆமை.

“உன் நிமிஷமா, ஊர் நிமிஷமா?”

“போன மாசம் அந்த மருந்துக் கம்பெனி நடத்துன கூட்டத்துக்குப் போனேன்ல. வந்தவங்க எல்லாருக்கும் ஒரு குடை குடுத்தாங்க. நானும் வாங்கிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க விஷயமாத்தானே ஓட்டு. எழுதிடலாம்னு சார்புப் பக்கத்தைத் தொறந்தா, என் பேருக்கு நேரா ஏற்கெனவே ‘இல்லை’ன்னு இருக்கு.”

“அழிச்சிட்டுக் குடைன்னு எழுதேன்.”

“அதுக்கில்லக்கா. அந்த ‘இல்லை’ய நான் எழுதல.”

“எப்பவாவது எழுதிட்டு மறந்திருப்ப.”

“அக்கா, நான் இந்தப் பக்கத்தைத் தொறக்கறதே இன்னிக்குத்தான்.”

அடுப்படியில் கணவன் காலைப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் அவன் பங்கு. சாவி காதையும் தோளையும் சேர்த்துப் போனை இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். அந்த மாதிரிப் பக்கங்களில் எந்த எழுத்தை எந்த நாளில் யார் எழுதினார்கள் என்பதெல்லாம் அழியாமல் பின்னால் கிடக்கும். ஆமையின் கட்டத்தை யாரும் தொட்டதில்லை. சரி, மற்றவர்கள்? மாமாவின் கட்டம் தொடப்படவில்லை. வாத்தியாருடையதும் இல்லை. கடைக்காரருடையதும் இல்லை. அவளுடையதும் இல்லை.

அப்படியானால் எழுதியது யார்?

இன்னும் பின்னால் போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால், பக்கத்தை முதன்முதலாகச் செய்த அன்றே, நிரலில் ஒரு வரி இருந்தது. ‘கட்டம் காலியாக இருந்தால், சார்பு ஏதும் இல்லை என்று காட்டு.’ எழுதியவர் பெயர்: சாவி. காரணம் என்ற இடத்தில் அவளே குறித்திருந்தாள்: ‘காலிக் கட்டங்கள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன.’

ஆறு வருடமாக ஒருத்தர்கூட ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒருத்தர்கூட ஒரு மெய்யும் சொல்லவில்லை. ஐந்து பேருக்காகவும் சேர்த்து வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவள் எழுதிய ஒரு வரி. மூன்று மேடையில் அதற்குக் கைத்தட்டல் வேறு வாங்கியிருந்தாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள் சாவி. “இரு.”

அந்த வரியை நீக்கினாள். பக்கத்தில் இருந்த ஐந்து ‘இல்லை’களும் கண் இமைப்பதற்குள் காணாமல் போயின. ஐந்து கட்டமும் வெறிச்சென்று கிடந்தன. குழுவுக்கு ஒரு செய்தி போட்டாள்: ‘தவறு என்னுடையது. காலிக் கட்டத்தை ‘இல்லை’ என்று காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். இன்று நான்கு மணிக்குள் அவரவர் கையால் நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று நீங்களே எழுதுங்கள். கம்பெனியின் பரிசுக்கு அதன் பிறகு வாக்கெடுப்பு.’

பரிசு என்று அவள் குறிப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து மொத்த வியாபாரத்தில் பெரிய கை ஒன்று, மாத்திரைப்பெட்டிக்கு ஒரு மாற்று மருந்துப் பட்டியலை இனாமாகத் தர முன்வந்திருந்தது. தினமும் அவர்களே புதுப்பிப்பார்கள். உழைப்பு மிச்சம். ஒரே ஒரு சின்ன மாற்றம்: விலை குறைந்தது முதலில் வராது, ‘எளிதில் கிடைப்பது’ முதலில் வரும். எது எளிதில் கிடைக்கும் என்பதை அந்தக் கம்பெனியே தீர்மானிக்கும். நாலாயிரம் கடைகளின் கல்லாவுக்கு முன்னால் நிற்கிற நோயாளி எந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார் என்பது அந்த ஒரு வரிசையில் இருந்தது. இனாம் கொடுக்கிறவன் எடையைப் பார்த்துக் கொடுப்பதில்லை, தராசையே கொடுத்துவிடுவான்.

தான் எதிர்த்து வாக்களிக்கப் போவதாகச் சாவி முன்பே முடிவு செய்திருந்தாள். இன்னும் இரண்டு பேராவது தன் பக்கம் வருவார்கள் என்பது அவள் கணக்கு.

செய்தி போட்டபின் ஒரு மணி நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பதினொன்றரைக்கு முதல் வரி. கடைக்காரர். அவர் நிஜமாகவே மருந்துக் கடை வைத்திருப்பவர். புதிதாக எது எழுதினாலும் முதலில் அவர் கடையில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ‘என் கடை இருக்கும் கட்டடம் அந்தக் கம்பெனியுடையது. மூன்று வருடமாகப் பாதி வாடகைதான் வாங்குகிறார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.’

சாவி அதை இரண்டு முறை படித்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் வாத்தியார். கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவர். ‘எங்கள் துறைக்கு அந்தக் கம்பெனி இருபது லேப்டாப் கொடுத்தது. துறையில் பத்தொன்பது இருக்கிறது.’

இருபதாவது எங்கே என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மாமா. வங்கித் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் புத்தகத்தில் காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட நாற்பது வருடம் கண்டுபிடித்தவர். எல்லாருக்கும் மாமா. ‘அந்தக் கம்பெனியிடம் இரண்டு வருடமாக ஆலோசனைக் கட்டணம் பெறுகிறேன். அவர்கள் கேட்டதன்பேரில் வேலைக்கு இரண்டு பேரைச் சிபாரிசு செய்திருக்கிறேன்.’

சாவி உடனே எல்லாரையும் பேச்சு அழைப்புக்குக் கூப்பிட்டாள். குரல் மட்டும் கேட்கிற அழைப்பு. கணவன் குழாயைத் திறந்து மதியச் சமையலின் பாத்திரங்களுக்கு வந்திருந்தான்.

“பேசுங்க,” என்றாள் சாவி. “கூட்டம் கூடியாச்சு. யாராவது ஆரம்பிங்க.”

“நான் மட்டும்தான்னு நெனச்சேன்,” என்றார் வாத்தியார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றார் கடைக்காரர். “உங்களையெல்லாம் பார்க்கவே கூச்சமா இருக்கும் எனக்கு. நாலு பத்தரை மாத்துத் தங்கத்துக்கு நடுவுல ஒரு பித்தளைன்னு.”

“சந்தோஷம். இப்ப எல்லாம் ஒரே பட்டறைதான்,” என்றார் வாத்தியார்.

“மாமா, நீங்களுமா?” என்றாள் சாவி. அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “யாரும் கேக்கலையேம்மா. ஒருத்தராவது கேட்டிருந்தா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். நான் தணிக்கைக்காரன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகினவன். பக்கத்தைத் தொறந்து பார்த்தேன். என் பேருல ‘இல்லை’ன்னு இருந்துச்சு. சரி, சாவி விசாரிச்சுத்தான் போட்டிருப்பான்னு விட்டுட்டேன்.”

“விசாரிச்சு ‘இல்லை’ன்னு போட்டேனா? காசு வாங்கினது நீங்க.”

“அதான் எனக்கே கொஞ்ச நாள் சந்தேகமா இருந்துச்சு, நான் வாங்கினது சார்புல சேருமா சேராதான்னு. உன் பக்கத்துல சேராதுன்னு இருந்ததும் நிம்மதியாப் போச்சு.”

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நான் இருபது வருஷமா கொள்முதல் பண்றவன். அஞ்சு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு விலை பேசியிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா? தனித்தனியாப் பேசினதால சல்லிசா முடிச்சிருக்கான். ஒவ்வொருத்தரையும் மத்த நாலு பேருக்குப் பயப்பட வெச்சே வாங்கியிருக்கான்.”

“எனக்குக் குடை மட்டும்தான் குடுத்தாங்க,” என்றாள் ஆமை, நிதானமாக. “வேற ஒண்ணுமே கேக்கல. நான் அவ்வளவு மட்டமாக்கா?”

யாரோ சிரித்தார்கள். சாவியும் சிரிக்கத்தான் போனாள். ஆத்திரத்துக்கு நடுவிலும் ஓரத்தில் ஒரு சின்ன மிதப்பு இருந்தது. நாலு கடையும் சாயம் வெளுத்த பிறகு நிற்கிற ஒற்றைக் கடைக்கு வரும் மிதப்பு.

“உனக்காவது குடை,” என்றாள். “என்கிட்ட ஒரு ஆள் ஒரு பேனாகூட நீட்டல. என்னை விலைக்கு வாங்க முடியாதுன்னாவது அவனுக்குத் தெரிஞ்சிருக்கே.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“சாவி,” என்றார் மாமா. “ரெண்டு பேருக்குச் சிபாரிசு பண்ணேன்னு எழுதியிருக்கேனே, பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ஒண்ணு வாத்தியாரோட மச்சினன்.”

“அட, அது உங்க வேலையா?” என்றார் வாத்தியார்.

“இன்னொண்ணு யாரு?” என்றாள் சாவி.

மாமா குரலைத் தாழ்த்தினார். “உன் பின்னாடி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்குதேம்மா. அவரைக் கேளு.”

குழாய்ச் சத்தம் நின்றது. அழைப்பை அவள் ஒலிபெருக்கியில்தான் வைத்திருந்தாள். அடுப்படிக்குள் ஒரு மூடி மட்டும் எங்கோ உருண்டு, சுற்றி, படுத்தது.

சுவரில் கடிகாரம் பன்னிரண்டே முக்கால். சாவி அழைப்பைத் துண்டித்துவிட்டு, எழுந்து போய் அடுப்படி நிலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். கணவன் ஈரக்கையைத் துடைக்காமல் திரும்பி நின்றான். பேயறைந்தவன் முகம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் அன்றுதான் பார்த்தாள்.

“உங்க கம்பெனி சரக்கு லாரிக் கம்பெனிதானே?”

“ஆமா.”

“யாரோடது?”

அவன் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். “முதல் மாசச் சம்பளச் சீட்டுல அடியில பொடி எழுத்துல இருந்துச்சு. அந்த மருந்துக் கம்பெனியோட குழுமம்னு. அப்பதான் எனக்கே தெரியும்.”

“முதல் மாசம்னா?”

“பதினாலு மாசம் முன்னாடி.”

“பழைய சிநேகிதன் ஒருத்தன் சொல்லிவிட்டான்னு சொன்னீங்க.”

“உங்க மாமாதான் போன் பண்ணினார். உனக்குத் தெரிய வேண்டாம், உதவின்னு தெரிஞ்சா ரோஷப்படுவான்னார். நானும் ரோஷத்துக்குப் பயந்து சொல்லல. அப்புறம் சீட்டைப் பார்த்தேன். அதுக்கப்புறம் வேலைக்குப் பயந்து சொல்லல.”

சாவிக்கு ஞாபகம் வந்தது. மாமாவிடம் அழுதவளே அவள்தான். வேலை போய் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தான் கணவன். அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்று தினமும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய், இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு, பின்தெரு வழியாகத் திரும்பி வருவான். அந்தப் பின்தெருவைப் பற்றி ஒரு நாள் மாமாவிடம் போனில் சொல்லும்போது அவளுக்கு அடக்க முடியவில்லை. அந்த அழுகை நேராகச் சந்தைக்குப் போய் எடை போடப்பட்டிருக்கிறது.

“நேர்காணல்ல என்ன கேட்டாங்க?”

“வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. காப்பீட்டு ஆபீஸ்னேன். அது தெரியும், ஞாயித்துக்கிழமை என்ன பண்றாங்கன்னாங்க.” அவன் கீழே கிடந்த மூடியைக் குனிந்து எடுத்தான். “அதுக்கப்புறம் வேற கேள்வியே கேக்கல. எப்ப சேர்றீங்கன்னுட்டாங்க.”

“என்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாங்களா? இந்த ஓட்டைப் பத்தி?”

“ஒரு வார்த்தை கேக்கல. சத்தியமா. இன்னிக்குக் கேப்பாங்க, நாளைக்குக் கேப்பாங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். கேக்கவே இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு.”

சாவி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக ஊர் உலகத்தின் சார்பையெல்லாம் தேடியவள். மாநாட்டில் கூட்டத்தைப் பார்த்து, ‘உங்கள் வீட்டார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டவள். கணவனின் சம்பளம் கணக்கில் விழுந்த முதல் நாள் அவள் செய்தது இரண்டு பேருக்கும் செருப்பு வாங்கியது. சீட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குள்ளும் ஒரு வரி இருந்திருக்கிறது: கட்டம் காலியாக இருந்தால் ‘இல்லை’ என்று காட்டு.

“எழுதணுமா?” என்றான் அவன்.

“நாலு மணிக்குள்ள.”

“நீ எழுதினா அது எல்லாருக்கும் தெரியுற பக்கம்தானே. அவங்களும் படிப்பாங்க.”

“படிப்பாங்க.”

“சும்மா காலியா விட்டா? இன்னிக்குத்தானே தெரிஞ்சுது. தெரியாதது தப்பில்லையே.”

“காலை வரைக்கும் தெரியாது. இப்பத் தெரியுமே.”

“நீ எதிர்த்துத்தானே ஓட்டுப் போடப் போற? அவங்களுக்கு எதிராப் போடுற ஓட்டுல என்ன சார்பு இருக்கு? பேசாமப் போட்டுட்டுப் போயேன். ஓட்டும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும்.”

பேரத்தில் இது நல்ல விலை. சாவிக்கு அது தெரிந்தது. இரண்டு பக்கமும் லாபம், கேட்பார் யாரும் இல்லை. மாமா வாய் திறக்க மாட்டார், மற்றவர்களுக்கு அவரவர் தலைபோகிற பாடு. அவள் கட்டம் காலியாக இருந்தால் யாரும் கைநீட்டிக் காட்டப் போவதில்லை. அவள் அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் மீதிப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவி முடித்தான். பிறகு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே பேசத் தொடங்கினான்.

“அந்தக் கோடவுன்ல திரும்பி வர்ற பெட்டிங்க ஒரு பக்கம் மலையாக் கெடந்துச்சு. யாரும் வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்புனது. எது ஒடஞ்சது, எது நல்லதுன்னு யாருக்கும் தெரியாது. நான்தான் ஏழு வரிசையாப் பிரிச்சேன். இப்ப எந்தப் பெட்டியக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் குடுப்பேன். இது நான் நல்லாப் பண்ற வேலை. உன் ஓட்டுக்காகக் குடுத்த வேலையா இருக்கலாம். பண்ணது நான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

மூன்று மணி ஐம்பதுக்கு அவள் எழுதினாள். ‘என் கணவர் அந்தக் கம்பெனியின் கிளையில் பதினாலு மாதமாக வேலை செய்கிறார். எனக்கு இன்றுதான் தெரியும். தெரியாமல் போனதற்குக் காரணம், நான் கேட்கவில்லை.’

தோளுக்குப் பின்னால் அவன் நின்று படித்துக்கொண்டிருந்தான். “கிளை இல்ல,” என்றான். “துணைக் கம்பெனி. எழுதறதுதான் எழுதுற, சரியா எழுது.”

அவள் திருத்தினாள். அனுப்பினாள்.

நான்கு மணிக்கு அழைப்பில் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். விதிப்படி மாமா விலகினார், வாத்தியார் விலகினார், கடைக்காரர் விலகினார். சாவி விலகினாள். அவள் கட்டத்தைப் படித்தபின் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமா மட்டும், “நல்லது செய்யறதா நெனச்சுத்தாம்மா செஞ்சேன்,” என்றார்.

“நானும் விலகணுமாக்கா?” என்றாள் ஆமை. “குடை வாங்கியிருக்கேனே.”

“தாயே, நீயும் போயிட்டா கூட்டத்தைக் கலைச்சிட்டு கதவுச் சாவிய அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயே குடுக்க வேண்டியதுதான்,” என்றார் கடைக்காரர். “குடைக்கெல்லாம் விலகினா மழைக்காலத்துல ஒரு பய ஓட்டுப் போட முடியாது.”

“நாலு பேரும் சேர்ந்து முடிவு சொல்லுங்க. நானாச் சொன்னா அது எனக்கே சாதகமாப் போயிடும்,” என்றாள் ஆமை.

நால்வரும் ஒருவர்பின் ஒருவராக, குடை சார்பாகாது என்றார்கள். குடையைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பேசுகிறேன் என்றும், கூரியர் செலவு குடையின் விலையைத் தாண்டிவிட்டது என்றும் ஆமை சொன்னாள். பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒரே ஒரு சொல்தான். அவள் தட்டி முடிக்கும்வரை நாலு பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாலாயிரம் கடையும் அந்த நேரத்தில் ஒரு மெதுவான விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

‘வேண்டாம்’ என்று வந்தது.

திங்கட்கிழமை காலை கணவன் வழக்கம்போல எட்டு மணிக்குக் கிளம்பினான். சாவி அலுவலகம் போனாள். ஒன்பதரை மணியிலிருந்து போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்தி வைப்பதுமாக இருந்தாள். பதினொன்றுக்கு அடித்தது. வராந்தாவின் கோடிக்குப் போய் எடுத்தாள்.

“வீட்டுக்கு வந்துட்டேன்,” என்றான்.

“அனுப்பிட்டாங்களா?”

“அனுப்பல. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. அந்த வேலையே இனிமே கிடையாதாம். எடுத்துட்டாங்களாம்.”

“எடுத்துட்டாங்கன்னா? அந்தப் பெட்டியையெல்லாம் இனிமே யாரு பார்ப்பா?”



“நானும் அதைத்தான் கேட்டேன்,” என்றான். “லாரி ஓட்டுற ஆள் ஒருத்தன் வெளிய வந்து சொன்னான். நான் பிரிச்சு அடுக்கினதெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை லாரி ஏறும்போது மறுபடி விக்கத்தான் போகுதுன்னு நெனச்சேன். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, அடுத்த கட்டடத்துல நசுக்கித்தான் விடுவாங்களாம். ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானாம். யாருக்கும் அந்தப் பெட்டி தேவைப்பட்டதே இல்லையாம். பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமாம்.”

“ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் குடுப்பேன்னீங்களே. கேட்டாங்கதானே?”

“தினம் ஒருத்தர் வந்து ஒரு பெட்டி கேப்பாங்க. அதுக்குன்னு ஒருத்தரை அனுப்பி வெச்சிருக்காங்க.”

சாவி சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரில் காப்பீட்டுக்கு வந்தவர்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். யாரோ அவளைத் தாண்டிப் போகும்போது வழி கேட்டார்கள். அவள் கைகாட்டினாள், எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

அன்று மாலை அவள் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பின் குறிப்பை எழுத உட்கார்ந்தாள். அதுவும் அவள் வேலைதான். உறுப்பினர் ஐந்து. விலகியவர் நான்கு. ஆதரவு சுழி. எதிர்ப்பு ஒன்று. பரிசு ஏற்கப்படவில்லை. அதுவரை கணக்கு நேராக வந்தது.

கணவன் அடுத்த அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மீதியையும் போட்டுப் பார்த்தாள். கம்பெனி கொடுத்தது பதினாலு மாதச் சம்பளம். வாங்கியது போடாத ஒரு வாக்கு: கம்பெனிக்கு நஷ்டம், எழுதிக் கழித்துவிடும். கணவன் மறைத்தது பதினாலு மாதம். அவள் கேட்காமல் விட்டது பதினாலு மாதம்: நேருக்கு நேர் கழிந்தது. அவன் ஏழு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, ஒன்றும் தவறாமல் அடுக்கிய பெட்டிகள், லாரிக்காரன் சொன்ன எண்ணிக்கைப்படி, முப்பத்தோராயிரத்துச் சொச்சம். அதற்கு எதிரே எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. பற்று முப்பத்தோராயிரம் என்று போட்டு, வரவுக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.